சுண்ணாம்பு மூட்டைக்கு ஈரச்சாக்கு

"என் பேரு கருத்தக்கண்ணன் வயசு இருபத்திரெண்டு இருக்குற இடம் மதுரை திருநகர் அப்பா நான் நல்லா இருக்கேன் சாப்ட்டேன் நீங்க சாப்ட்டீங்களா கம்பெனில எப்பயும் போல சுண்ணாம்பு மூட்டைக்கு மூணு வேளையும் தண்ணி தெளிக்கிற வேலைதான் கஷ்டம் ஒண்ணும் இல்ல வெயிலு ஜாஸ்தி மாப்ள த்ரீ பேஸ் வந்துருச்சு வெரசா வா கொஞ்ச நாளைக்குப் பேச முடியாது கோவிச்சுக்காதீங்க அம்மாகிட்டச் சொல்லிருங்க கடல்ல தண்ணி சூடு எப்படி இருக்கு பார் வெளுத்துருச்சா அத மட்டும் எழுதுங்க"

ஒரே மூச்சில் படித்து முடித்த விருமாண்டி, போனை மேஜைமேல் வைத்துவிட்டுத் தண்ணீர்ப் பாட்டிலை எடுத்தான்.

"யக்கா, இன்னும் ரெண்டு வரி இருந்திருந்தா என்னைய ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கியிருப்பீங்க. எங்கயாச்சும் ஒரு புள்ளி வச்சா கொறஞ்சா போயிருவான்?"

"அவன் எழுதல, விருமாண்டி. மைக்கை அமுக்கிட்டுப் பேசியிருக்கான். போன் அதை எழுத்தாக்கி அனுப்பியிருக்கு" என்றாள் மாதங்கி.

தல்லாகுளத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடிதான் மாதங்கியின் துப்பறியும் அலுவலகம். பன்னிரண்டு வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் திருட்டுப் புகார்களையும் தீ விபத்துகளையும் விசாரித்துவிட்டு, சொந்தமாகப் பலகை மாட்டியவள். விருமாண்டி உசிலம்பட்டிப் பக்கத்துக்காரன். ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவன், ஒரு கேஸில் அவளைக் கொண்டுபோய் இறக்கிவிட்டு, "வெயிட்டிங்கா, ரிட்டனா?" என்று கேட்டவன் இரண்டு வருடமாக வெயிட்டிங்கிலேயே இருக்கிறான்.

எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்த முத்துக்கருப்பனுக்கு ஐம்பத்தெட்டு வயது. மன்னார் வளைகுடாக் கரையில் முப்பது வருடம் சங்கு குளித்தவர். கடலின் அழுத்தம் இரண்டு காதையும் வாங்கிக்கொண்டுவிட்டது. மகன் குரலைக் கேட்க முடியாது, எழுத்தைப் படிக்க முடியும். மகனுக்கோ தமிழில் தட்டச்சு வராது. அதனால்தான் இந்த ஏற்பாடு. தினமும் சாயங்காலம் ஒரு செய்தி வரும். கடைசிச் செய்தி மட்டும் காலையில் வந்தது. அதற்குப் பிறகு ஆறு நாளாக ஒன்றும் இல்லை.

"எல்லாத்துலயும் பேரு, வயசு, இடம் சொல்லித்தான் ஆரம்பிக்கிறான். ஏன்?" என்று மாதங்கி ஒரு தாளில் எழுதிக் காட்டினாள்.

"என் வள்ளத்துப் பழக்கம்" என்றார் முத்துக்கருப்பன். கடற்காற்றைத் தாண்டிப் பேசிப் பழகிய குரல். கீழே ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் நிமிர்ந்து பார்த்திருப்பார்கள். "தண்ணிக்குள்ள எறங்குறவன் பேரு, வயசு, எறங்குற இடம் மூணையும் கயிறு பிடிக்கிறவன்கிட்டச் சொல்லிட்டுத்தான் எறங்கணும். மேல வராட்டி எங்க தேடணும்னு தெரியணுமுல்ல. எம்மகனுக்கு அதையே சொல்லிக் குடுத்தேன்."

சட்டைப்பையிலிருந்து போலீஸ் புகாரின் நகல் ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"முந்தாநா போலீசு வீட்டுக்கு வந்துச்சும்மா. மொதலாளி சாமானைத் திருடிட்டு ஓடிட்டான், எங்க ஒளிச்சு வச்சிருக்கேன்னு எம்பொண்டாட்டியக் கேட்டாங்க. எம்மவன் திருட மாட்டான். ஆனா ஏன் பேச மாட்டேங்குறான்னு எனக்குத் தெரியல. போலீசுக்கு முன்னாடி அவனை நீங்க கண்டுபிடிக்கணும். அம்புட்டுத்தான்."

மாதங்கி புகாரின் நகலை ஒருமுறை பார்த்தாள். பையன் ஓடிப்போனது ஒன்பதாம் தேதி என்று எழுதியிருந்தது. செய்தி வந்தது பத்தாம் தேதி காலை.

"ஓடிப்போன மறுநாள் காலைல, எப்பயும் போல கம்பெனில இருக்கேன்னு அப்பாவுக்குச் சொல்றான். பயந்துபோய்ப் பேசியிருக்கான். விருமாண்டி, இதுல உனக்கு என்ன இடிக்குது?"

விருமாண்டி போனை மறுபடி எடுத்தான். முகத்தில் இருந்த விளையாட்டு மெல்ல இறங்கியது.

"யக்கா... சுண்ணாம்பு மூட்டைக்கு எவனாச்சும் தண்ணி தெளிப்பானா?"

"ஏன், தெளிச்சா என்ன?"

"நீங்க டவுன்ல பெயிண்டு அடிக்கிற குடும்பம். உங்களுக்குத் தெரியாது. சுட்ட சுண்ணாம்புல தண்ணி பட்டாப் போதும், கொதிச்சுப் பொங்கிரும். பொங்கலுக்கு வெள்ளையடிக்கையில பானைல போட்டுத் தண்ணிய ஊத்திட்டு பத்தடி தள்ளி நிப்போம். எங்க மாமன் ஒருத்தர் நனைஞ்ச மூட்டையத் தோள்ல வச்சுட்டு ஒரு மாசம் சட்டை போடல. மூணு வேளையும் தண்ணி தெளிச்சா அந்தக் குடோன் இந்நேரம் பத்தி எரிஞ்சிருக்கணும்."

மாதங்கி கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"எரியலைல்ல? வா, ஏன் எரியலைன்னு கேட்டுட்டு வருவோம்."

*

திருநகரைத் தாண்டி, திருமங்கலம் சாலையிலிருந்து உள்ளே பிரியும் மண்பாதையில் இருந்தது குடோன். 'சுண்ணாம்பு மொத்த வியாபாரம்' என்று பலகை. மே மாத வெயிலில் பலகையின் எழுத்தே உரிந்துகொண்டிருந்தது. முத்துக்கருப்பனை ஆட்டோவிலேயே உட்காரவைத்துவிட்டு இருவரும் உள்ளே போனார்கள்.

முதலாளி ஹரிநாராயணன் ஐம்பதைத் தொட்டவர். சலவைச் சட்டை, மெல்லிய பேச்சு. உட்காரச் சொல்லி மோர் வரவழைத்தார். சுண்ணாம்பு வியாபாரியின் கை என்றால் விரல் இடுக்கில் வெடிப்பு இருக்கும். இவருடைய விரல்கள் வீணை வாசிக்கிறவர் விரல்கள் மாதிரி இருந்தன.

"நல்ல பையன்தாம்மா. ஏன் இப்படிப் பண்ணினான்னே தெரியல."

"என்ன சார் எடுத்துட்டுப் போனான்?"

"ஒரு காத்து மோட்டார். மீன் தொட்டியில குமிழி விடுமே, அதுல பெரிசு."

"சுண்ணாம்புக் கடைல காத்து மோட்டாரா?" என்றான் விருமாண்டி. "மூட்டைக்கு மூச்சு முட்டுதுங்களா சார்?"

ஹரிநாராயணன் சிரித்தார். சிரிப்பு உதட்டோடு நின்றது. "வீட்டுத் தொட்டிக்கு வாங்கி வச்சிருந்தது தம்பி."

"வேற ஒண்ணும் போகலையே?" என்றாள் மாதங்கி.

"வேற ஒண்ணும் இல்ல. மோட்டார் போனாக்கூடப் போகட்டும்மா. பையன் எங்க இருக்கான்னு தெரிஞ்சா சொல்லுங்க. நேர்ல பாத்து, மன்னிச்சு விட்டுடுறேன்."

"வேலையாள் எத்தனை பேர்?"

"இவனைத் தவிர லோடு அடிக்க ஒருத்தன்தான், அருள்பாண்டின்னு. கல்லுப்பட்டிப் பக்கம் தோட்டக்காரன். வெங்காயத்துக்குத் தண்ணி பாய்ச்சணும்னு அவனும் லீவு. மண்ணு மாதிரிப் பையன், அவனுக்கு ஒண்ணும் தெரியாது."

அதற்குள் விருமாண்டி, "சார், வீட்டுக்கு வெள்ளையடிக்க ஒரு மூட்டை வேணும், நல்லதாப் பாத்து எடுத்துக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே கொட்டகைக்குள் நுழைந்துவிட்டான்.

முன்வரிசை மூட்டைகள் காய்ந்திருந்தன. அவை சுண்ணாம்புதான். பின்னால் சுவரோரம் இருந்த அடுக்கின்மேல் மட்டும் சணல் சாக்கு போர்த்தியிருந்தது. சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. விருமாண்டிக்கு மாமன் தோள் ஞாபகம் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கையை வைத்தான்.

சில்லென்று இருந்தது.

சாக்கின் ஓரத்தைத் தூக்கினான். மூட்டை இல்லை, தெர்மோகோல் பெட்டிகள். மதுரையில் அடிக்கவே கூடாத ஒரு வாடை அடித்தது. அலை ஒதுங்கின கரையின் வாடை. போனில் இரண்டு படம் எடுத்தான். கீழே தரையில், விரல் நீளத்துக்கு ஏதோ கிடந்தது. கிளைவிட்ட மான்கொம்பு மாதிரி, எலும்பு வெள்ளையில். அதன் அடியில் பச்சை நைலான் கயிறு ஒரு துண்டு முடிச்சோடு ஒட்டிக்கொண்டிருந்தது. எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான்.

"தம்பி, அங்க பழைய சரக்கு. முன்னாடி வாங்க" என்ற குரல் முதுகுக்கு மிக அருகில் கேட்டது. ஹரிநாராயணன் நடந்து வந்த சத்தமே கேட்கவில்லை.

"இல்லங்க சார். நாங்க இந்தத் தடவை பெயிண்டே அடிச்சிக்கிறோம்."

வெளியே வந்ததும் மாதங்கி நடுவாசலில் நின்று, தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சொன்னாள்: "விருமாண்டி, வண்டிய நேரா கல்லுப்பட்டிக்கு விடு! அருள்பாண்டி தோட்டத்துக்கு!"

விருமாண்டிக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. துப்பறிகிறவள் போகிற ஊரைத் தண்டோரா போட்டுச் சொல்லுவாளா?

*

ஆட்டோ கிளம்பி ஐந்து நிமிடத்தில் கண்ணாடியில் வெள்ளைக் கார் தெரிந்தது.

"நல்லாக் கத்துனீங்கக்கா. பின்னாடியே வாராரு. பாவம், என் வண்டி வேகத்துக்கு ரெண்டாவது கியரத் தாண்ட முடியாமத் தவிக்கிறாரு."

"வரட்டும். ரொம்ப விட்டுப் பிடிக்காம, கண்ணுல படுற தூரத்துலயே போ" என்றாள் மாதங்கி, அவன் போனிலிருந்த படங்களை யாருக்கோ அனுப்பிக்கொண்டே.

"கல்லுப்பட்டின்னு எப்படிக்கா முடிவு பண்ணீங்க?"

"மைக்குக்கு அப்பா யாரு, பக்கத்துல நிக்கிறவன் யாருன்னு தெரியாது. எது காதுல விழுதோ எல்லாத்தையும் எழுதிரும். 'மாப்ள, த்ரீ பேஸ் வந்துருச்சு, வெரசா வா.' அப்பாவ மாப்ளன்னு எவனும் கூப்பிட மாட்டான். அது வேற ஒரு ஆளு குரல். திருநகர்ல யாராவது த்ரீ பேஸ் வந்துருச்சுன்னு ஓடுவாங்களா?"

"திருநகர்ல ஓட மாட்டாங்க. எங்க ஊர்ல சோத்துல கை வச்சிருந்தாலும் அப்படியே எந்திரிச்சு ஓடுவாங்க. பம்பு செட்டுக்கு அந்தக் கரண்டு நேரம் பாத்துத்தான் வரும்." விருமாண்டி பிரேக்கை மிதித்தே விட்டான். "வெங்காயம்! லோடு அடிக்கிற பய!"

"மண்ணு மாதிரிப் பையன்னு அவரே சொன்னாரே."

விருமாண்டி சட்டைப்பையிலிருந்து அந்த வெள்ளைக் கொம்பை எடுத்துப் பின்னால் நீட்டினான். மாதங்கி வாங்குவதற்குள் முத்துக்கருப்பனின் கை குறுக்கே வந்தது.

அவர் அதன் கிளைகளைப் பார்க்கவில்லை. அடியில் இருந்த முடிச்சையே பார்த்தார். கட்டைவிரலால் அதைத் தடவினார். அந்த விரல் மடங்கவில்லை.

"இது என் முடிச்சு" என்றார். முதல்முறையாக அவர் குரல் இறங்கியிருந்தது.

விருமாண்டி ஆட்டோவை ஒரு புளியமர நிழலில் ஓரங்கட்டினான். பின்னால் வெள்ளைக் காரும் தூரத்தில் ஓரங்கட்டியது.

"வலது கட்டவெரலு படகு விசிறில மாட்டி மடங்காமப் போச்சு. அதுனால நான் ரெண்டு சுத்து சுத்தி இடப்பக்கமாத்தான் இழுப்பேன். உலகத்துல ஒருத்தனும் இப்படிப் போட மாட்டான்." அவர் நிமிர்ந்தார். "இளவட்டத்துல, சுண்ணாம்புக் காளவாசலுக்குன்னு பார் வெட்டி வள்ளம் வள்ளமா ஏத்துனவன் நான். கடலுக்குள்ள பவளப் பூச்சி கட்டி வச்ச கோட்டைதாம்மா பார். அப்ப அது வெறுங்கல்லுன்னு நெனச்சோம். பார் போச்சு, மீனு போச்சு, அலை ஊருக்குள்ள வந்துச்சு. அப்புறந்தான் புத்தி வந்துச்சு. நாலு வருசம் முன்னாடி கடல் ஆராய்ச்சிக்காரங்க கூப்பிட்டாங்க. ஒடிஞ்சு கெடக்குற உசுருக் கொப்பை எடுத்து சிமெண்டுச் சட்டத்துல கட்டி நட்டோம். நானும் எம்மகனும். அவன் புடிப்பான், நான் முடிச்சுப் போடுவேன். வெட்டுன கையாலயே நட்டேன். ஒரு சாண் வளந்துருச்சும்மா. தண்ணி சூடானா வெளுத்துச் செத்துரும், அதான் அவன் அதைக் கேட்டிருக்கான்."

விருமாண்டி போனில் பேசி, எழுத்தாக மாறியதைக் காட்டினான்: 'அய்யா அந்த இடம் எத்தன பேருக்குத் தெரியும்'

முத்துக்கருப்பன் படித்தார். விரல்விட்டு எண்ணினார்.

"ஆராய்ச்சிக்காரங்க ரெண்டு பேரு. நான். எம்மகன்."

விருமாண்டி வண்டியைக் கிளப்பினான். அந்த முடிச்சு பையனையே திருட்டோடு சேர்த்துக் கட்டிவிட்டதைப் போல விருமாண்டிக்குத் தோன்றியது. திருட மாட்டான் என்று தகப்பன் அடித்துச் சொன்ன பையனைத் தேடித்தான் போய்க்கொண்டிருக்கிறார்கள். கண்டுபிடித்தபிறகு இந்த மனுசன் முகத்தில் எப்படி முழிப்பது?

*

கல்லுப்பட்டிக்கு முன்னாலேயே கரிசல் காட்டுக்குள் இறங்கும் வண்டிப்பாதையில் இருந்தது அருள்பாண்டியின் தோட்டம். சாயங்காலம் நாலரை மணிக்கும் காற்று அடுப்பிலிருந்து வருகிற மாதிரி வந்தது. வெங்காயப் பாத்தியில் நின்றிருந்த அருள்பாண்டி ஆட்டோவைப் பார்த்ததும் மண்வெட்டியைக் கீழே போட்டான்.

"கருத்தக்கண்ணனா? அப்படி யாரையும் எனக்குத் தெரியாதுண்ணே."

"சரி மாப்ள, தெரியாதுன்னே வச்சுக்குவோம்" என்றான் விருமாண்டி. "மோட்டார் ரூம் கம்பத்துல டிரெஸ்ஸிங் டேபிள் கண்ணாடி கட்டியிருக்கே, உங்க கெணறு தலை சீவிப் பொட்டு வச்சுக்குதா?"

ஆள் உயரக் கண்ணாடி ஒன்று கம்பத்தில் சாய்த்துக் கட்டப்பட்டிருந்தது. மேற்கு வெயிலை வாங்கி, அப்படியே கிணற்றுக்குள் கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து விடாமல் ஒரு குமிழிச் சத்தம்.

மாதங்கி எட்டிப் பார்த்தாள். அறுபதடிக் கிணறு. அடியில் முழங்கால் ஆழத் தண்ணீர். அந்தத் தண்ணீருக்குள் ஐந்து நீல டிரம்கள், மேல்பாதி அறுத்தெடுத்தவை. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு குழாய் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. கண்ணாடி வெளிச்சம் விழுந்த இடத்தில் பழுப்பும் பச்சையுமாய் ஏதோ மின்னியது. சுவரோரத்து இருட்டில் ஒரு உருவம் ஒடுங்கிக்கொண்டது.

"கருத்தக்கண்ணா, மேல வா. உங்க அப்பா வந்திருக்காரு" என்றாள் மாதங்கி.

உருவம் சுவரோடு இன்னும் ஒட்டிக்கொண்டது. நம்பவில்லை அவன்.

முத்துக்கருப்பன் கிணற்று மேட்டுக்கு வந்தார். உள்ளே தொங்கிய கயிற்றைப் பார்த்தார். கையில் எடுத்து மூன்று முறை வெடுக்கென்று இழுத்தார். சங்கு குளிக்கிறவனை மேலே கூப்பிடும் இழுப்பு.

கயிறு சும்மா இருந்தது. பிறகு கீழேயிருந்து இரண்டு இழுப்பு வந்தது.

ஏறி வந்த பையனின் கால்கள் ஊறி வெளுத்திருந்தன. கண் இரண்டும் உள்ளே போயிருந்தது. அப்பாவின் முகத்தைப் பார்க்காமல், அவர் கையிலிருந்த வெள்ளைக் கொம்பைப் பார்த்தான். உட்கார்ந்து அழ ஆரம்பித்தான்.

"நாந்தாங்க காட்டிக் குடுத்தேன்" என்றான் மாதங்கியிடம். "காட்டிக் குடுக்கணும்னு குடுக்கல. மொதலாளி ரொம்ப அன்பாப் பேசுவாரு. எங்க அப்பா கடலுக்குள்ள தோட்டம் போட்டிருக்காருன்னு பெருமையா போன்ல மேப்பு எடுத்து இடத்தைக் காட்டுனேன். பெரிய வீட்டு மீன் தொட்டிகளுக்கு விக்கிற பெட்டி ஒம்பதாம் தேதி வந்துச்சு. தண்ணி தெளிக்கையில மூடி வெலகுச்சு. பாத்தா எங்க அப்பா முடிச்சு. பெட்டிக்குப் பெட்டி எங்க அப்பா முடிச்சு."

"அன்னிக்கு வந்த அஞ்சு பெட்டியவும் குட்டியானை வண்டில ஏத்திட்டோம்" என்றான் அருள்பாண்டி. இனி மறைக்க ஒன்றும் இல்லை. "குடோன்ல டிரம்முல வச்சிருந்த கடல் தண்ணியவும் சேத்துத்தான். காடு பூரா நெருப்பா இருக்கு, எங்க கெணத்தடி ஒண்ணுதான் குளுகுளுன்னு கெடக்கு. வெளிச்சம் இல்லாட்டியும் செத்துருமாம், அதுக்குத்தான் கண்ணாடி."

"போலீஸ்ல சொல்லியிருக்கலாமே? அப்பாகிட்டயாவது சொல்லியிருக்கலாமே?" என்றாள் மாதங்கி.

"என்னான்னு சொல்லச் சொல்றீங்க? நீங்க நட்டது என் வாயாலதான் போச்சுன்னா?"

தகப்பன் மகனின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு புரிந்தது என்று தெரியவில்லை.

வெள்ளைக் கார் புழுதியோடு வந்து நின்றது. ஹரிநாராயணன் இறங்கினார். வழியில் ஏற்றிக்கொண்டாரோ என்னவோ, கூடவே புகாரை விசாரிக்கும் ஏட்டு பாண்டியராஜனும் இறங்கினார்.

"பாத்தீங்களா ஏட்டய்யா? கையும் களவுமா."

"வாங்க சார், உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்கோம்" என்றாள் மாதங்கி. "கொஞ்சம் எட்டிப் பாருங்க. அஞ்சு டிரம்முல இருக்குறது உங்க குடோன்ல இருந்து வந்ததா?"

ஹரிநாராயணன் கிணற்றுப் பக்கம் ஓரடி வைத்து நின்றுவிட்டார்.

"அவசரமே இல்ல, யோசிச்சுச் சொல்லுங்க. அது கல்லு இல்ல, உசுரு. புலிய வீட்ல கட்டி வச்சிருந்தா என்ன சட்டமோ அதுக்கும் அதே சட்டம். உங்களுதுன்னா ஏட்டய்யா உங்களைத்தான் கூட்டிட்டுப் போகணும். உங்களுது இல்லைன்னா, இந்தப் பையன் உங்ககிட்ட இருந்து அதைத் திருடல."

விருமாண்டி ஆட்டோவில் சாய்ந்துகொண்டு ரசித்தான். இன்ஷூரன்ஸில் பன்னிரண்டு வருடம் அவள் கற்றது இதுதான். தொலைந்தது என்று எழுதிக் கொடுப்பதை விட, எழுதாமல் விட்டதைத் தேடு.

"எனக்கு அதைப் பத்தித் தெரியாது" என்றார் ஹரிநாராயணன் கடைசியில். குரல் பழையபடி மென்மையாகிவிட்டது. "என் புகார்ல இருக்குறது மோட்டார் மட்டும்தான். அதோ, கெணத்து மேட்டுல ஓடுதே, அது என்னுது. கழட்டுங்க ஏட்டய்யா."

விருமாண்டியின் சிரிப்பு நின்றது. கருத்தக்கண்ணன் எழுந்து போய் மோட்டாரின்மேல் கையை வைத்து நின்றான்.

"நின்னா செத்துரும்ணே. ரெண்டு மணி நேரங்கூடத் தாங்காது."

ஏட்டு பாண்டியராஜன் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்தார். "தம்பி, புகார்ல இருக்குற சாமான். நான் கைப்பத்தித்தான் ஆகணும்."

அப்போது மாதங்கியின் போன் அடித்தது. எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டாள்.

"மாதங்கி, தீப்தி பேசுறேன்." வனத்துறை அதிகாரியின் குரல். "நீங்க அனுப்பின படத்தை வச்சு குடோனுக்கு வந்துட்டோம். ஈரச்சாக்குக்கு அடியில இந்த வாரம் வந்த பதினோரு பெட்டி. எல்லாத்துலயும் பச்சைக் கயிறு. பெட்டிய மாத்த ஆளே இல்ல, ஓனர் எங்கயோ வெளிய போயிருக்காராம்."

"இங்கதான் இருக்காரு. நான் பாத்துக்கிறேன்."

விருமாண்டி அவளைப் பார்த்தான். தெருவுக்கே கேட்கிற மாதிரி அவள் கத்தியது இப்போதுதான் அவன் காதில் சரியாக விழுந்தது. சுண்ணாம்பைத் தொட்டே பழகாதவர், தன் குடோனைத் திறந்துபோட்டுவிட்டு முப்பது கிலோமீட்டர் ரெண்டாவது கியரில் வந்திருக்கிறார்.

ஹரிநாராயணன் காரைப் பார்த்து நடந்தார். சாவி விருமாண்டியின் விரலில் சுற்றிக்கொண்டிருந்தது.

"ஏசி போட்டு வச்சுட்டு எறங்குனீங்க சார். பெட்ரோல் விக்கிற வெலைல வீணாப் போகுதேன்னு அமத்துனேன்."

ஆனாலும் மோட்டார் விவகாரம் அப்படியே இருந்தது. ஏட்டு நல்ல மனுசன்தான். யோசித்து ஒரு வழி சொன்னார். "சாமானை இந்த இடத்துலயே வச்சு, வனத்துறை வர்ற வரைக்கும் காவல்ல இருக்குன்னு நான் எழுதிக்கலாம். அதுக்குப் பையன் வாக்குமூலம் எழுதித் தரணும். நடந்தது பூராவும்."

மாதங்கி கருத்தக்கண்ணனிடம் போனாள். "இடத்தைக் காட்டுனது நீன்னும் அதுல வரணும். உன்னையும் கேப்பாங்க. எனக்குத் தெரிஞ்ச வக்கீல் வருவாரு. ஆனா ஒண்ணையும் மறைக்காதே."

அவன் தலையசைத்தான். ஊறிப்போன விரல்களுக்குப் பேனா பிடிபடவில்லை. இரண்டு எழுத்துக்குமேல் போகவில்லை. விருமாண்டி பேனாவை வாங்கிக்கொண்டு போனை நீட்டினான். மைக்கை அமுக்கினான். "எல்லாரும் கொஞ்ச நேரம் வாய மூடுங்கப்பா. இது யாரு பேசுனாலும் எழுதிரும்" என்று சொல்லிவிட்டு, அதையும் எழுதிவிட்டதைப் பார்த்து அழித்தான்.

எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். குமிழிச் சத்தம் மட்டும் கேட்டது. பையன் பேசி முடித்ததும், காது கேட்காத ஒரே ஒரு மனுசர் மட்டும் கிணற்றுக்குள் பார்த்துக்கொண்டு தன் பெரிய குரலில் ஏதோ கேட்டார். பையன் அவர் முகத்துக்கு நேரே விரல்களால் எண்ணிக் காட்டிப் பதில் சொல்லிவிட்டு இன்னும் ஒரு வரி பேசினான். விருமாண்டி போனை ஏட்டிடம் கொடுத்தான். நடுவில் வந்ததை அழிக்கட்டுமா என்று கேட்டான்.

ஏட்டு படித்தார். இரண்டாவது முறையும் படித்தார். "இருக்கட்டும்" என்றார்.

"என் பேரு கருத்தக்கண்ணன் வயசு இருபத்திரெண்டு இருக்குற இடம் கல்லுப்பட்டி அருள்பாண்டி தோட்டத்துக் கெணறு எங்க அப்பா கட்டுன பார் இருக்குற இடத்தை மொதலாளிக்குக் காட்டுனது நாந்தான் அவரு ஆளு வச்சு வெட்டுவாருன்னு தெரியாது தெரிஞ்சதும் தூக்கிட்டு வந்தேன் மோட்டார எடுத்தது நெசம் என்ன தண்டனை குடுத்தாலும் வாங்கிக்கிறேன் ஏலேய் எத்தனைடா உசுரோட இருக்கு முப்பத்தொண்ணுல பதினேழு இருக்குப்பா கடல்ல இப்ப தண்ணி சூடா இருக்கு ஆறட்டும் கொண்டு போயிக் கட்டுவோம் நீ புடி நான் முடிச்சுப் போடுறேன் சரிப்பா இதப் படிக்கிறவங்க யாரா இருந்தாலும் சரி அதுவரைக்கும் மோட்டார மட்டும் நிறுத்திராதீங்க"